கழற்றிப் போட்டதெல்லாம் எனக்கு

அக்டோபர் 5, ஞாயிறு

இன்றைக்கு ஆட்டத்தில் நான் செத்தது என் தப்பு இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எதிராளி சுவருக்குப் பின்னால் வருவது எனக்குத் தெரிந்தது. காலடிச் சத்தம் ஹெட்செட்டில் தெளிவாகக் கேட்டது. மவுஸைத் திருப்பினேன், திரை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அசைந்தபோது நான் தரையில் கிடக்கிறேன், அவன் என்மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருக்கிறான். வந்த ஆத்திரத்துக்கு மானிட்டரைத் தூக்கி வாசலில் வீசியிருப்பேன். வீசினால் எனக்கு வேறு மானிட்டர் வராது. அதனால் வீசவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஃபர்ஹானா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர்தான் எங்கள் அணியின் கேப்டன், காயல்பட்டினத்துக்காரர். அணியில் நாங்கள் ஐந்து பெண்கள், ஆளுக்கொரு ஊர். ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததே இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி தகுதிச் சுற்று. அதில் ஜெயித்தால் பெங்களூரில் மேடையில் உட்கார்ந்து ஆடலாம்.

"உன் கை நல்லா இருக்கு தாரணி. உன் மெஷின்தான் உன்னைக் கொல்லுது. கிராபிக்ஸ் கார்டை மாத்து. இல்லேன்னா நான் வேற ஆளை எடுக்க வேண்டியிருக்கும். மத்த மூணு பேரையும் நான் பார்க்கணும்ல?"

அவர்மேல் கோபித்துக்கொள்ள முடியவில்லை. சொன்னது சரி. படத்தை ஓட்டுவது அந்தக் கார்டுதான், அது மூச்சு வாங்கினால் எவ்வளவு நல்ல கையும் வீண். என் கோபமெல்லாம் என் மெஷின்மேல். அதை என் மெஷின் என்று சொல்வதே பெரிய வார்த்தை. அதில் இருக்கிற ஒவ்வொரு பாகமும் என் வீட்டுக்காரர் நவநீதன் கழற்றிப் போட்டது. அவர் புதுக் கார்டு வாங்கினால் பழைய கார்டு எனக்கு. அவர் புது மவுஸ் வாங்கினால், ஒரு தடவை அழுத்தினால் ரெண்டு தடவை அழுத்துகிற மவுஸ் எனக்கு. நான் உட்காரும் நாற்காலிக்கு ஒரு பக்கம் கை கிடையாது. கேட்டால், "வீட்டுல ஒரு பொருள் வந்தா ரெண்டு பேருக்கும் அப்கிரேட் தான தாரு?" என்பார். கல்யாணமாகி ஆறு வருஷமாக இப்படித்தான் எனக்கு அப்கிரேட் ஆகிக்கொண்டிருக்கிறது.

அவர் மெஷின் ஹாலில், கலர் கலராக விளக்கு எரிந்துகொண்டு. என்னுடையது ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்கும் கிரைண்டருக்கும் நடுவில். அவர் அம்மா, என் அத்தை, மாவாட்டினால் எனக்குக் காலடிச் சத்தம் கேட்காது.

அக்டோபர் 8, புதன்

கம்பெனியில் தீபாவளி போனஸ் போட்டுவிட்டார்கள். பம்ப் செட் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே டிராயிங் போட்டுக் கொடுக்கிறேன், வருஷத்துக்கு ஒரு தடவை இந்தச் சந்தோஷம். இந்தப் பணத்தில் வாங்குகிற கார்டு எனக்குத்தான் என்று அவரிடம் ரெண்டு தடவை சொன்னேன். சரி சரி என்றார்.

மதியம் வேலை முடிந்ததும் அவர் மெஷினில் உட்கார்ந்து, அவர் ஐடியில் நாலு ஆட்டம் ஆடிக் கொடுத்தேன். அவர் ஆபீஸ் போகிற நாளில் இது என் வேலை. அவருக்கு லைவ் சேனல் இருக்கிறது, பார்க்க ஆட்கள் வருகிறார்கள், அதனால் ராங்க் இறங்கக் கூடாதாம். நாலிலும் ஜெயித்தேன். அந்த மெஷினில் எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடுகிறது. ஐந்தாவதும் ஆடியிருக்கலாம், அத்தை கறிவேப்பிலை பறிக்கக் கூப்பிட்டார்.

அக்டோபர் 11, சனி

கடைக்குப் போய்விட்டு வந்தோம். ஆத்திரத்தில் எழுத்துக் கோணலாக வருகிறது.

கேட்டதெல்லாம் நான். எந்தக் கார்டு, எவ்வளவு நீளம், என் கேபினெட்டுக்குள் அடங்குமா, என் பவர் சப்ளை தாங்குமா. கடைக்காரப் பையன் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை அவரைப் பார்த்தே சொன்னான். "இது தாங்குமுங் சார். நீளம் பிரச்சினை இல்லீங் சார்." ஒரு கட்டத்தில் அவரிடமே கேட்டான், "மேடத்துக்கு ஆபீஸ் வேலைக்குத்தானுங்களே? அதுக்கு இவ்வளவு பெருசு எதுக்குங் சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "அதுவும் கரெக்ட்தான்."

அப்புறம் எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. பக்கத்து அலமாரியில் மூன்று ஃபேன் வைத்த பெரிய கார்டு இருந்தது. இவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கீழே வைக்கவில்லை.

"தாரு, இது எனக்கு. என்ர கார்டு உனக்கு. உனக்கு அதே ஜாஸ்தி. ரெண்டு பேருக்கும் வேலை ஆச்சு பாரு."

"மாமா, இது என்ர போனஸுங்க."

"உன்ர, என்ர என்னடி? கடையில நின்னுட்டுப் பேசற பேச்சா இது?"

கடைப் பையன் தலையைக் குனிந்துகொண்டு பில் போட்டான். நான் கார்டை நீட்டினேன், ஏடிஎம் கார்டை. பில்லில் நவநீதன் என்று பெயர் போட்டிருந்தது.

சரி. அவர் பழைய கார்டு மோசமில்லை. ஃபர்ஹானா அக்கா கேட்ட அளவுக்கு அது ஓடும். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றுதான் வண்டியில் ஏறினேன். அவருடைய கார்டைச் சாயங்காலமே கழற்றி, உள்ளே தூசி ஊதித் துடைத்து வைக்கச் சொன்னார். நாளைக்கு லைவில் தூசி தெரியக் கூடாதாம். துடைத்து வைத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இட்லி ஊற்றி வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு ஹாலுக்குப் போனேன். இந்த வீட்டில் பாகம் வந்தால் மாட்டுவது நான். அவர் பெட்டியைப் பிரிப்பார், நான் மாட்டுவேன், மூடியபிறகு அவர் போட்டோ எடுத்துப் போடுவார்.

இன்றைக்குத் தானே மாட்டப்போகிறாராம். "லைவ் தாரு. 'முழுக்க முழுக்க நானே பண்ணது'ன்னு தலைப்பு வெச்சாச்சு." போனை ஸ்டாண்டில் நிறுத்தி, சட்டை மாற்றி, தலை சீவி உட்கார்ந்தார்.

நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். கார்டைச் செருகினார், க்ளிக் என்று சத்தம் வந்தது, சரியாக உட்கார்ந்தது. ஸ்க்ரூ போட்டார். மின்சார ஒயரைக் குத்தினார். எல்லாம் சரி. கடைசியில் மானிட்டர் கேபிள். புதுக் கார்டின் ஓட்டைகளுக்கெல்லாம் கறுப்பு ரப்பர் மூடி போட்டுத்தான் வரும், அதைப் பிடுங்கிவிட்டுக் குத்த வேண்டும். இவர் குனிந்து பார்க்காமல் கையால் தடவினார். மேலே மதர்போர்டில் ஒரு ஓட்டை திறந்து கிடந்தது. அதில் குத்திவிட்டார்.

அதில் குத்தினால் படம் வரும். ஆனால் கார்டு வழியாக வராது. அவ்வளவு பெரிய கார்டு விளக்கு எரிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

"மாமா," என்று ரெண்டு அடி வைத்தேன்.

அவர் காமிராவைப் பார்த்துச் சிரித்தபடியே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "லைவ் போகுது தாரு, குறுக்க வராத."

நான் குறுக்கே வரவில்லை. திரும்பிப் போய் இட்லியை இறக்கினேன்.

லைவ் முடிகிற நேரத்தில் அவர் குரல் கேட்டது. "என் பழைய கார்டை நம்ம குடும்பத்துல ஒருத்தருக்கே கிஃப்டா குடுக்கப்போறேன். கமெண்ட் பண்ணுங்க."

குடும்பம் என்றால் அவருடைய லைவைப் பார்க்கிறவர்கள்.

அக்டோபர் 13, திங்கள்

சண்டை.

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. எழுதியிருந்தால் கெட்ட வார்த்தையாகத்தான் இருந்திருக்கும்.

"அது எனக்குன்னு கடையில சொன்னீங்களா இல்லீங்களா?"

"சொன்னேன். அப்பறம் லைவ்ல ஒரு வேகத்துல வாயில வந்துருச்சு. இப்ப குடுக்கலைன்னா என்ர பேர் என்ன ஆவறது?"

"என்ர மேட்ச் என்ன ஆவறது?"

"உன்ர மேட்சுக்கு என்ன, நாலு பொம்பளைங்க சேர்ந்து ஆடறது. அதைப் போய்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பொங்கலுக்குள்ள உனக்கு ஒண்ணு வாங்கிடலாம். சத்தியமா."

மேட்ச் நவம்பரில். பொங்கல் ஜனவரியில். ஐந்து பேர் சேர்ந்து ஆடுவது, நாலு பேர் அல்ல.

பழைய கார்டை இன்று கூரியரில் அனுப்பிவிட்டார். சேலத்தில் யாரோ ஒருவனுக்கு. நான் துடைத்த துடைப்பில் புதுசு மாதிரி இருந்தது.

அக்டோபர் 15, புதன்

அவர் புது மெஷினில் ஆட்டம் ஓடவில்லை. திக்கித் திக்கி நிற்கிறது. "கம்ப்யூட்டர்ல கார்டு பேர் காட்டுது, விளக்கு எரியுது, ஃபேன் சுத்துது, ஆனா ஓட மாட்டேங்குதே!" என்று நெட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்.

என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். பால்காரருக்குக் காசு கொடுத்தேன், கொத்தமல்லி வாங்கினேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கேபினெட்டை அப்படியே வண்டியில் வைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடையில் போட்டுப் பார்த்தார்களாம், பிரமாதமாக ஓடியதாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய பழக்கத்தில் கையால் தடவி, அதே ஓட்டையில் கேபிளைக் குத்தினார். மறுபடி திக்குகிறது.

"கடையில ஓடுது. வீட்டுல ஓடல. அப்ப வீட்டுக் கரண்டுலதான் ஏதோ கோளாறு," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை, சாதம் வடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், "உனக்கு ஏதாச்சும் தோணுதா?"

"உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுங்க?" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அது கேள்வி.

அக்டோபர் 18, சனி

பவர் சப்ளை போதவில்லை என்று முடிவு கட்டி, கடைக்குப் போய்ப் பெரிதாக ஒன்று மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பழைய பவர் சப்ளையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் நீட்டினார். "இந்தா, உனக்கு. உன்னுதைவிட இது எவ்வளவோ மேல்."

வாங்கிக்கொண்டேன். என் மெஷினில் உடனே மாட்டினேன். அந்தப் பெரிய கார்டை எந்தக் கவலையும் இல்லாமல் தாங்குகிற பவர் சப்ளை அது. சும்மா, தெரிந்ததை எழுதினேன்.

அவர் மெஷின் இன்னும் திக்குகிறது. கடையில் ஆள் அனுப்புகிறோம் என்றார்களாம், ஆனால் தீபாவளிக் கூட்டம் முடிந்து அடுத்த மாதம்தானாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஊரெல்லாம் பார்க்கிற மாதிரி லைவில் பெட்டியைப் பிரித்துக் காட்டினால் கண்ணு படாமல் என்ன செய்யும் என்று அத்தை காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உப்பும் வரமிளகாயும் எடுத்து வந்து கேபினெட்டைச் சுற்றினார். கேபினெட்டை மட்டும் சுற்றினால் எப்படி என்று மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சுற்றினார். மிளகாய் நெடியில் வீடே இருமியது.

ஸ்டோர் ரூம் பக்கம் வரவில்லை. எனக்கு யார் கண்ணு படப்போகிறது?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. புதுப்புடவை நன்றாக இருந்தது. அவர் நாள் முழுக்க உர்ரென்று இருந்தார்.

அக்டோபர் 22, புதன்

ஃபர்ஹானா அக்காவின் செய்தி: "சனிக்கிழமை கடைசி டிரையல். அன்னைக்கும் உன் ஸ்கிரீன் நின்னுச்சுன்னா மன்னிச்சுக்கோ. ஓசூர்ல ஒரு பொண்ணு தயாரா இருக்கா."

சாயங்காலம் அவர் கீபோர்டை ஓங்கிக் குத்திய சத்தம் சமையலறை வரைக்கும் வந்தது. "நாசமாப் போன கார்டு! குப்பையில போடணும்!"

அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். "குப்பையில எதுக்குங்க போடறது? கடைக்காரன் வர்ற வரைக்கும் என்ர மெஷின்ல கெடக்கட்டும். என்ர பழைய கார்டை உங்களுக்கு மாட்டித் தர்றேன். அது எப்படியோ ஓடுதில்ல?"

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். "உன்ரது என்ர பழசுக்கும் பழசாச்சே. சரி, மாட்டு. இந்தச் சனியனை நீயே வெச்சுக்க."

அவர் போனில் யாரிடமோ கடையைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே ரெண்டு கார்டையும் கழற்றி மாற்றி மாட்டினேன். என் பழைய கார்டில், எந்த ஓட்டையில் குத்த வேண்டுமோ அந்த ஓட்டையில் கேபிளைக் குத்தினேன். அவர் ஒரு ஆட்டம் போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா தாரு! இந்த ஓட்டைக் கார்டே அதைவிட நல்லா ஓடுது! அது டூப்ளிகேட்டேதான், நான் சொல்லல?"

"அப்படித்தான் இருக்குமாட்ட இருக்குதுங்க," என்றேன்.

கல்யாணமாகி முதல் தடவையாக, நான் கழற்றியது அவருக்குப் போயிருக்கிறது.

அக்டோபர் 25, சனி

நிற்கவில்லை. ஒரு தடவைகூட நிற்கவில்லை. மவுஸை எங்கே திருப்பினாலும் திரை அங்கே இருந்தது. இத்தனை நாள் எதிராளி எங்கே இருப்பான் என்று ஊகித்துச் சுட்டுக்கொண்டிருந்தேன், இன்றைக்கு அவனைப் பார்த்துச் சுட்டேன். ஃபர்ஹானா அக்கா நடுவில் பேச்சையே நிறுத்திவிட்டார். முடிந்ததும், "யார்மா நீ? இத்தனை நாளா எங்க இருந்தே?" என்றார். அழுகை வந்துவிட்டது. மைக்கை அணைத்துவிட்டு அழுதேன்.

இடம் எனக்குத்தான். ஓசூர்ப் பெண்ணுக்குச் சொல்லிவிட்டார்களாம்.

இரவுச் சாப்பாட்டில் அவர் கேட்டார், "அந்தக் கார்டு உன்கிட்டயாச்சும் ஓடுதா?"

"ஏதோ பரவால்லீங்க." இன்னொரு தோசை வைத்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

மாதக் கடைசி, ராங்க் இறங்குகிறது, பகலில் ஆடிக் கொடு என்றார். எனக்குப் பயிற்சி இருக்கிறது என்றேன். அரை மணி நேரம்தானே என்றார். முடியாது என்றேன். இந்த வார்த்தையை இவரிடம் நான் இதற்கு முன்னால் சொன்னதாக ஞாபகம் இல்லை. அவருக்கும் இல்லை போலிருக்கிறது, என்ன சொன்னாய் என்று மறுபடி கேட்டார்.

அவர் மெஷினில் கிடைக்கிற அந்த அரை மணி நேரத்துக்காக நான் ஆறு வருஷம் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நல்ல மெஷினில் உட்கார வேறு வழி இருக்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

என் மேல் தப்பு இல்லை. நான் ஸ்டோர் ரூமில் இருந்தேன்.

அவர் சாயங்காலம் லைவ் போட்டார். நிறையப் பேர் பார்க்கிற நாள். ஆடியது அவரே. செத்துக்கொண்டே இருந்தார். கதவு வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. கார்டு சரியில்லை, நெட் சரியில்லை, கூட ஆடுகிறவன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அத்தை டீ கொண்டு போனார்.

"ஏன் கண்ணு, இத்தன தடவ சாவற?" அத்தைக்கு மெல்லப் பேசத் தெரியாது. "தாரணி பகல்ல உக்காந்து ஆடறப்ப இப்படிச் சாவறதே இல்லையே. உன்ர பேர்லதான அவளும் ஆடறா? அவளைக் கூப்புடட்டுமா?"

அவர் மைக்கைத் தேடி அணைப்பதற்குள் ஊருக்கே கேட்டுவிட்டது.

அத்தைக்கு எதுவும் புரியவில்லை. "நான் என்ன கண்ணு தப்பாச் சொல்லிட்டேன்?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

"ஒண்ணும் தப்பில்லீங் அத்தை. உள்ளதைத்தான சொன்னீங்க," என்றேன்.

அக்டோபர் 31, வெள்ளி

அத்தை சொன்னதைக் கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. அவருடைய பழைய லைவ்களையெல்லாம் ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். கார்டு மாட்டிய லைவில் யாரோ ஒருவன் நிறுத்திப் படம் எடுத்து, கேபிளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிவிட்டான். அதன் கீழே எழுதியிருப்பதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. படிக்க நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

அவர் போனோடு ஸ்டோர் ரூமுக்கு வந்தார். இந்த அறைக்குள் அவர் வந்து எத்தனை மாதம் இருக்கும்? என் திரையைப் பார்த்தார். ஆட்டம் எண்ணெயாக ஓடிக்கொண்டிருந்தது.

"நீ அன்னைக்கே பாத்தயா?"

"பாத்தேனுங்க."

"ஏன் சொல்லல?"

"குறுக்க வராதன்னீங்க."

"அதுக்கப்பறம்? நான் பவர் சப்ளை வாங்குனன். கடைக்காரனோட சண்டை போட்டன். அம்மா மொளகா சுத்துனாங்க. அப்பக்கூட நீ வாயைத் தொறக்கல. என்ன பொம்பளடி நீ?"

பதில் என்னிடம் நிறைய இருந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து ஆடினேன்.

நவம்பர் 1, சனி

கார்டைத் திருப்பிக் கொடு என்கிறார். நாளைக்குக் காலை பத்து மணிக்கு லைவ் அறிவித்துவிட்டாராம், எல்லோர் வாயையும் அடைக்க வேண்டுமாம். என் தகுதிச் சுற்றும் நாளைக்குக் காலை பத்து மணிக்குத்தான்.

"மேட்ச் முடிஞ்சதும் எடுத்துக்கங்க," என்றேன்.

"என்ர மானம் போயிட்டு இருக்குது, உனக்கு மேட்ச்சா?"

"ஆமாங்க. மேட்ச்தான்."

அத்தை ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு ரசத்தைக் கொண்டு போய் உள்ளே வைத்தார். யாரும் சாப்பிடவில்லை. அப்புறம் நான் போய்ச் சாப்பிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

குளித்துவிட்டு வந்தபோது அவர் ஸ்டோர் ரூமில் என் கேபினெட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் ஸ்க்ரூடிரைவர். பக்கவாட்டுக் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தார். கார்டைப் பிடித்திருந்த ரெண்டு ஸ்க்ரூவையும் கழற்றியாகிவிட்டது. மின்சார ஒயரையும் பிடுங்கிவிட்டார்.

கத்தியிருப்பேன். கத்தவில்லை, ஏனென்றால் கார்டு இன்னும் உள்ளேதான் இருந்தது. அவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார், அது வரவில்லை.

கார்டுக்கு அடியில், அது செருகியிருக்கிற இடத்தின் ஓரத்தில், ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கி உண்டு. அதை அழுத்தினால்தான் விடும். பெரிய கார்டு போட்டால் கொக்கி கண்ணுக்குத் தெரியாது, விரலை அடியில் விட்டுத் தேட வேண்டும். போன தடவையும், அதற்கு முந்தின தடவையும், அதற்கு முந்தின தடவையும் விரலை விட்டது நான்.

"வர மாட்டேங்குது," என்றார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இன்னொரு தடவை இழுத்தார். மதர்போர்டு வளைந்தது. இன்னும் ஓங்கி இழுத்தால் உடைந்துவிடும், அப்புறம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டார்.

"எங்க அழுத்தணும், சொல்லு."

ஹாலில் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அத்தை வாசலில் வந்து நின்றார்.

"தாரு, சொல்லு. நேரமாச்சு."

"மாமா, நீங்க கேட்டதையெல்லாம் இத்தனை வருஷமாச் சொன்னேன். கேக்காததையும் செஞ்சேன். உங்க பேர்ல ஆடுனேன், நீங்க துப்புனதை எடுத்து என்ர மெஷின்ல மாட்டிக்கிட்டேன். அதுக்கெல்லாம் எனக்கு வாய் இருந்துச்சு, கை இருந்துச்சு. இதைச் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபுடிச்சுக் கழட்டிக்கங்க. நான் தடுக்கலை. இங்கதான் உக்காந்திருக்கறேன்."

விரலை உள்ளே விட்டுத் தேடினார். மேலே தேடினார், பின்பக்கம் தேடினார். விரலில் எங்கேயோ கிழித்து ரத்தம் வந்தது. அடியில் தேடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாவமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

கடைசியில் எழுந்து ஸ்க்ரூடிரைவரை அரிசி மூட்டைமேல் போட்டுவிட்டு வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

ரெண்டு ஸ்க்ரூவையும் முடுக்கினேன், ஒயரைக் குத்தினேன், மூடினேன், சுவிட்சைப் போட்டேன். படம் வந்தது. முதல் சுற்றில் முட்டாள்தனமாகச் செத்தேன்.

"என்ன ஆச்சு தாரணி? மெஷினா?" என்றார் ஃபர்ஹானா அக்கா.

"மெஷின் நல்லா இருக்குதுங்கக்கா. வீட்டுல ஒரு ஆள் குறுக்க நின்னுட்டிருந்தாங்க. இப்பப் போயிட்டாங்க."

ஜெயித்தோம். பெங்களூர் போகிறோம்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் அவர் ஹாலிலிருந்து கூப்பிட்டார். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையாம், எந்த ஓட்டையில் குத்துவது என்று கேட்டார். எனக்குக் கேட்டது. நான் போகவில்லை.